மூன்று மணிக்குப் பதினெட்டு சென்ட்

தனபாக்கியத்துக்குப் பயம் புதிதல்ல. தந்திச் சேவகன் தெருவில் நுழைந்தாலே கதவைச் சாத்திக்கொள்வாள். வழியில் மாடு நின்றால் சந்தைக்குச் சுற்றிக்கொண்டு போவாள். கணவன் சம்பத் ரயிலேறிப் போனால், திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. வாணியம்பாடியில் அவளைத் தெரிந்த பெண்கள் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் 1956ஆம் வருஷம் நவம்பர் மாதம் அவளைப் பிடித்துக்கொண்ட பயம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

சம்பத் கல்லூரியில் பௌதிகப் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர், விரிவுரையாளருக்கு ஒரு படி கீழே. மழையை அளப்பதில் அவனுக்கு ஒரு பித்து. கல்யாணமான வருஷமே கொல்லையில் குழி தோண்டி ஒரு மழைமானியைப் புதைத்துவிட்டான். பார்ப்பதற்கு மூடியில்லாத தவலை மாதிரி இருக்கும். மேலே பித்தளை விளிம்பு வைத்த புனல், உள்ளே ஒரு பாட்டில். தினமும் காலை எட்டரை மணிக்குப் பாட்டிலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். அங்குலம், அங்குலத்தை நூறாகப் பிரித்தால் சென்ட். நேற்றுக் காலை எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை பெய்தது எவ்வளவோ அவ்வளவும் ஒரே தண்ணீராகப் பாட்டிலில் கிடக்கும்.

போன வருஷம் கல்லூரிக்குப் புனாவிலிருந்து தானியங்கி மழைமானி ஒன்று வந்தது. கல்லூரி மைதானத்தில் மேய்கிற ஆடுகளும் பையன்கள் அடிக்கிற பந்தும் தொல்லை என்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று அனுமதி வாங்கி, சம்பத் அதையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். அதற்குள் கடிகாரம் வைத்த ஒரு உருளை, உருளையைச் சுற்றிக் கட்டம் போட்ட காகிதம், காகிதத்தின்மேல் ஊதா மை தொட்ட பேனா. மழை பெய்தால் உள்ளே மிதவை எழும்பும், அதோடு பேனாவும் ஏறும். நாற்பது சென்ட் ஆனதும் தண்ணீர் தானாகவே வடிந்து, பேனா பொத்தென்று அடிக்கு விழும். பிறகு மறுபடி ஏறும். எத்தனை மணிக்கு எவ்வளவு பெய்தது என்பது காகிதத்தில் அப்படியே கிடக்கும். ஒரு நாளைக்கு ஒரு காகிதம்.

பித்து சம்பத்துக்கு, வேலை தனபாக்கியத்துக்கு. அவன் எட்டே காலுக்கெல்லாம் கல்லூரிக்குக் கிளம்பிவிடுவான். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்தும் குண்டு குண்டாக இருக்கும். நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு, முதலில் தவலை சொன்னதை எழுதுவாள், அடுத்து மெஷின் சொன்னதை. தவலை ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. மெஷினுக்குத்தான் ஆயிரம் சீக்கு. மை காயும், எறும்பு புகும், கடிகாரம் நாளைக்கு ஆறு நிமிஷம் பின்தங்கும். தூறலாக இருந்தால் இரண்டும் ஒரு சென்ட் வித்தியாசத்தில் ஒத்துப்போகும். அடித்துப் பெய்தால் மெஷின் எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும். தன் தண்ணீரை வடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளில் மேலே விழும் மழை அதற்குக் கணக்கில்லை என்று சம்பத் விளக்கியிருந்தான்.

கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. அதைத் தாண்டினால் தோல் பதனிடும் தோல் ஷாப்பின் நீளமான மண்சுவர். அங்கே ஆவாரம்பட்டை சுமக்கும் பெண்கள் காலையில் அந்தச் சந்து வழியாகத்தான் போவார்கள். அவர்களில் கோவிந்தம்மாள் என்று ஒருத்தி. தலையில் சோற்றுக்கூடையோடு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, எந்தக் குண்டானில் மழை ஜாஸ்தி என்று கேட்காமல் போகமாட்டாள். மெஷின்மேல் அவளுக்கு நம்பிக்கையில்லை. தவலையில்தான் ஜாஸ்தி என்று தனபாக்கியம் சொன்னால், தானே ஜெயித்த மாதிரி தலையாட்டிக்கொண்டு போவாள்.

அந்த நவம்பரில் ஒரு வியாழக்கிழமை சம்பத் சென்னைக்குப் போயிருந்தான். காலையிலிருந்தே இருட்டிக்கொண்டு நின்ற வானம், ஒன்றரை மணி வாக்கில் தூற ஆரம்பித்தது. தனபாக்கியம் கொடித்துணியை எடுத்து உள்ளே போட்டாள். மூன்று மணிக்குத் தோல் ஷாப்பில் டீ நேரத்துச் சங்கு ஊதியது. ஊதி முடித்த கொஞ்ச நேரத்தில், லாரியிலிருந்து மூட்டைகளை மொத்தமாகத் தள்ளியது போல ஒரு சத்தம். பிறகு கூச்சல். அவள் செய்த முதல் காரியம் கொல்லைக் கதவைத் தாழ் போட்டதுதான். அதை நினைத்து அவள் பிற்பாடு வெகுநாள் வெட்கப்பட்டாள்.

டீ குடிக்கச் சுவரோரம் தாழ்வாரத்தில் ஒதுங்கிய பெண்கள்மேல் அந்த மண்சுவர் சாய்ந்துவிட்டிருந்தது. கோவிந்தம்மாள் அங்கேயே போய்ச் சேர்ந்தாள், இன்னொரு பெண் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். குர்ஷித் என்பவளுக்கு ஒரு கால் நசுங்கியது. ஐந்து மணிக்கு மேல் மழை பிடித்தது. அப்படியொரு மழை. சந்தில் முழங்கால் தண்ணீர் ஓடியது.

மறுநாள் காலை சங்கு வழக்கம்போல எட்டரைக்கு ஊதியபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் குடையோடு கொல்லைக்குப் போனாள். பாட்டில் வழிந்து வெளித்தவலையிலும் தண்ணீர் நின்றது. அரை அங்குலக் குவளை எட்டு முறை நிரம்பி, ஒன்பதாவது முறை பத்து சென்ட் வந்தது. நாலு அங்குலம் பத்து சென்ட். மெஷினில் பேனா ஒன்பது முறை ஏறி விழுந்து, பத்தாவது முறை இருபத்தேழு சென்ட்டில் நின்றிருந்தது, கூட்டிப் பார்த்தால் மூன்று எண்பத்தேழு. இரண்டையும் எழுதிவிட்டுக் காகிதத்தை மாற்றினாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை, சம்பத் ஊர் திரும்பிய பிறகு, தோல் ஷாப் மேனேஜர் ராஜவேலு வீட்டுக்கு வந்தார். நெற்றியில் விபூதி, கையில் மடித்த குடை, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். அன்றைக்கு எவ்வளவு மழை என்று சம்பத்திடம் கேட்டார். தன் மழைமானியை ஊரில் ஒருவர் தேடி வந்து கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில் சம்பத் உடனே கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். நாலு அங்குலம் பத்து சென்ட். ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. நாலு அங்குல மழைக்கு எந்தச் சுவர் நிற்கும், தெய்வச் செயலுக்கு முதலாளி இன்னா பண்ணுவார் என்றார்கள். அன்று தாழ்வாரத்தில் இருந்தவர்களே, வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போதுதான் சுவர் விழுந்தது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கேட்டுக் கேட்டுத் தனபாக்கியத்துக்கும் அப்படித்தான் இருந்தது போலவே தோன்றிவிட்டது.

அப்போதுதான் கோவிந்தம்மாளின் தங்கை விஜயகுமாரி வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அவ்ளோ மழையா அக்கா அப்ப?" என்று கேட்டாள். "எங்க அக்காவ நான்தான் தூக்கினேன். பொடவ தண்ணில ஊறவே இல்ல. மண்ணுதான் ஒட்டிகினு இருந்துச்சி."

தனபாக்கியம் வேலியை விட்டு நகர்ந்தாள். உள்ளே போய் அந்த வியாழக்கிழமைக் காகிதத்தைத் தேடி எடுத்துத் தரையில் விரித்தாள். ஒன்றரை மணிவரை கோடு தரையோடு கிடந்தது. பிறகு சோம்பேறித்தனமாக ஏறி, மூன்று மணிக் கட்டத்தில் பதினெட்டு சென்ட்டில் நின்றது. முதல் முறை பேனா விழுந்ததே ஐந்து மணிக்கு மேல்தான். நாலு அங்குலமும் பெய்தது உண்மை. ஆனால் அநேகமாக எல்லாம் சுவர் விழுந்த பிறகு பெய்தது. தவலைக்கு அது தெரியாது. இந்த ஒரு காகிதத்துக்குத்தான் தெரியும். இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் சம்பத் வந்ததும் காட்டினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தனம், இந்த ஊடு யாரோடதுன்னு தெரியுமில்ல உனக்கு?" என்றான் மெதுவாக. "மொதலாளியோட மச்சானோடது. காலேஜ் கமிட்டில யாரு உக்காந்து இருக்காங்கன்னு தெரியுமில்ல?"

அவர் கேட்டதற்கு நாம் பதில் சொல்லியாயிற்று, பொய் எதுவும் எழுதவில்லை, மெஷின் அன்று ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம் என்றான். காகிதத்தை அடுப்பில் போட்டுவிடச் சொன்னான். அவள் அடுப்புவரை போனாள். போடக் கை வரவில்லை. அதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. வைத்திருப்பதும் பயமாக இருந்தது, எரிப்பது அதைவிடப் பயமாக இருந்தது. நாளைக் காலையில் வேலிக்கு மேல் அந்தத் தலை எட்டிப் பார்த்து எந்தக் குண்டானில் ஜாஸ்தி என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணப் படத்தின் சட்டத்துக்குப் பின்னால் காகிதத்தைச் செருகிவிட்டு, எரித்துவிட்டேன் என்று கணவனிடம் சொன்னாள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவனிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான்.

சாவுகளைப் பற்றி விசாரணை நடக்கப்போகிறது, வேலூரிலிருந்து அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. அடுத்த நாள் பதினொரு மணிக்கு, சம்பத் இல்லாத நேரம் பார்த்து, ராஜவேலு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். கொல்லையைப் பார்க்கலாமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்தார். மெஷினுக்கு முன்னால் குனிந்து நின்று, இது எதற்கு என்று விசாரித்தார். தனபாக்கியம் முந்தானையை இழுத்துச் செருகினாள். இதுவும் மழைக்குத்தான், ஆனால் அன்றைக்கு மை காய்ந்துபோய் ஒன்றும் எழுதவில்லை என்றாள்.

"இப்ப எழுதுதேம்மா" என்றார் அவர், உருளையில் ஈரமாக மின்னிய ஊதாக் கோட்டைப் பார்த்து.

"அப்புறமா மை ஊத்தினேன்."

ராஜவேலு நிமிர்ந்து, குடையைக் கையில் மாற்றிக்கொண்டார். "நல்லதும்மா. மை காஞ்சி போச்சின்னே இருக்கட்டும்" என்றார்.

அவர் போன பிறகு அவள் சமையலறையில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளிலிருந்து சந்து முனையில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு ஒருவன் பீடி பிடித்தபடி நின்றான். அவன் யாருக்காக நின்றானோ, இன்றுவரை தெரியாது. தனக்காகத்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். குழாயடிக்குப் போவதை நிறுத்தினாள். கதவு தட்டினால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறப்பாள். காலை எட்டரைக்கு மட்டும் கொல்லைக்குப் போவாள், இரண்டு மழைமானியையும் பார்ப்பாள், எழுதுவாள். அந்தப் பத்து நிமிஷந்தான் கை நடுங்காமல் இருந்தது.

விசாரணை டிசம்பர் மாதம் பயணியர் விடுதியில் நடந்தது. கடிதம் கொடுத்தவன் என்பதால் சம்பத்தைக் கூப்பிட்டார்கள். அவன் நோட்டை எடுத்துக்கொண்டு போய் முதல் நாளே கொடுத்துவிட்டு வந்தான். அன்று ஊரில் இல்லாதவர் எப்படி அளந்தீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். மனைவி அளந்தாள் என்று சொல்லவேண்டியதாகிவிட்டது. மறுநாள் அவளையும் அழைத்துவரச் சொல்லிவிட்டார்.

சம்பத் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். நாலு பத்து என்று சொல், அதற்கு மேல் கேட்டால் தெரியாது என்று சொல். அவள் தலையை ஆட்டினாள். கிளம்புமுன் அவன் வாசலில் நிற்கும்போது, படத்தைத் திருப்பிக் காகிதத்தை எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டாள். வீடு பூட்டிக் கிடக்கும், யாராவது புகுந்து எடுத்துவிட்டால் என்ன செய்வது, அதனால்தான் எடுத்துக்கொண்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விடுதிக் கூடத்தில் ஒரு பக்கம் ராஜவேலுவும் முதலாளியின் வக்கீலும். மறுபக்கம் பெஞ்சில் விஜயகுமாரி, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு குர்ஷித். தனபாக்கியம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதிகாரி வயதானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டினார். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றாள். நாலு அங்குலம் பத்து சென்ட்டைப் படித்துக் காட்டினார். அதற்கும் ஆமாம் என்றாள். அப்புறம் அவர் விரல் அந்த வரியிலேயே இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

"பக்கத்துல மூணு எண்பத்தேழுன்னு இருக்கே. இது என்னம்மா?"

மெஷினுக்கான இரண்டாவது பத்தி. நோட்டைக் கொடுத்த சம்பத்துக்கும் அது ஞாபகமில்லை, அவளுக்கும் இல்லை. மை காய்ந்த மெஷின் எப்படி மூன்று எண்பத்தேழு எழுதும்? ராஜவேலு தன்னைப் பார்ப்பது தலை குனிந்திருந்தபோதே தெரிந்தது. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். இனி எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பொய்யில் கால் வைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அது மெஷின் எழுதினதுங்க. மழை எப்பப் பேஞ்சதுன்னும் அதுல இருக்குது. சுவரு உழுறப்ப பதினெட்டு சென்ட்டுதாங்க."

வக்கீல் எழுந்தார். ஒரே கொல்லையில் இரண்டு மானி, ஒன்று நாலு பத்து என்கிறது, இன்னொன்று மூன்று எண்பத்தேழு என்கிறது, தப்பாக எழுதும் மெஷினை எப்படி நம்புவது என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். தனபாக்கியம் வக்கீலைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, நோட்டைப் பார்த்துச் சொன்னாள். தூறல் நாளைப் பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்கும். அடைமழை நாளைப் பாருங்கள், மெஷின் கம்மியாகத்தான் காட்டும். வடிகிறபோது விழுகிறது அதற்குச் சேராது. ஒரு நாளும் ஜாஸ்தி காட்டியதில்லை. அதிகாரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஆடி மாதத் தூறல்கள், ஐப்பசி மழைகள், பதின்மூன்று மாதம். திருப்பி முடிக்க வெகுநேரம் பிடித்தது.

வக்கீல் விடவில்லை. மழையின் அளவு சரியாக இருந்தாலும் மெஷினின் கடிகாரம் சரியென்று யார் சொன்னது, எந்தக் கடிகாரத்தைப் பார்த்து வைத்தாய் என்று கேட்டார்.

"எங்க ஊட்டு கடியாரம் ஓடாதுங்க" என்றாள் தனபாக்கியம். "தோல் ஷாப் சங்கு எட்டரைக்கு ஊதும். அத கேட்டுதான் தினம் வெப்பேன்."

அவர்கள் ஷாப்பின் டீ சங்கு மூன்று மணிக்கு ஊதி, பெண்கள் சுவரோரம் உட்கார்ந்தபோது சுவர் விழுந்தது என்று ராஜவேலுவே முன்பு எழுதிக் கொடுத்திருந்தார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் சம்பத் முன்னால் நடந்தான். எரித்துவிட்டேன் என்றாயே என்று கேட்பான் என அவள் காத்திருந்தாள். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி முழுக்கக் கடந்து போகும்வரை நின்றார்கள். பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"காகிதத்துல தேதிக்குக் கீழ அளந்தவங்கன்னு உன் பேரையும் போட்டு இருக்கணும் தனம். நான் சொல்லித்தர மறந்துட்டேன்."

அறிக்கை வர ஐந்து மாதம் ஆயிற்று. சுவரில் விரிசல் இருப்பதாகப் பெண்கள் ஆடியிலேயே மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார்கள், முட்டுக்கூடக் கொடுக்கவில்லை, விழுந்த நேரத்தில் மழை பெரிதாக இல்லை, குற்றம் ஷாப்பினுடையது என்று எழுதியிருந்தது. வழக்கு திருப்பத்தூருக்குப் போனது. ராஜவேலு வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனார். அதற்குள் சம்பத் குடும்பம் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகியிருந்தது. மரியாதையாகத்தான் கேட்டார்கள், சொந்தக்காரருக்கு வேண்டியிருக்கிறது என்று. கல்லூரி மெஷினைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அது ஆய்வுக்கூடத்து அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சம்பத்தின் வேலை போகவில்லை, ஆனால் அடுத்த எட்டு வருஷம் அவன் டெமான்ஸ்ட்ரேட்டராகவே இருந்தான்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் புது வீட்டில் தவலையைத் தோண்டிப் புதைத்தார்கள். தனபாக்கியம் எட்டரைக்கு அளந்தாள். நோட்டில் இரண்டாவது பத்தியை மட்டும் காலியாக விட்டுக்கொண்டே போனாள். பயம் அவளை விட்டுப் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தெருமுனையில் சைக்கிள் சாய்ந்திருந்தால் பல வருஷம் கழித்தும் அவள் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பார்ப்பாள். அன்று பேசிய தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம், தைரியமெல்லாம் இல்லை, தப்பிக்க வழியில்லை என்றே சொன்னாள்.

குர்ஷித் ஒரு முறை கோலூன்றிக்கொண்டு புது வீட்டுக்கு வந்தாள். விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டீ குடித்தாள், கொல்லைக்குப் போய்த் தவலையைக் குனிந்து பார்த்தாள். மகளுக்கு வியாழக்கிழமை நிக்காஹ், வாசலில் பந்தல் போடுகிறோம், அன்றைக்கு மழை வருமா என்று கேட்டாள்.

"பேஞ்சப்புறம்தாம்மா இதுக்குத் தெரியும்" என்றாள் தனபாக்கியம்.

குர்ஷித் யோசித்துவிட்டு, எதற்கும் தார்ப்பாய் ஒன்று கேட்டு வைக்கிறேன் என்று சொல்லிக் கிளம்பினாள். தனபாக்கியம் அவளை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டாள்.